வெள்ளிவிழாக் குழுவுக்கு: சாப்பாட்டு நேரத்தில் நானும் இருக்க வேண்டும்

நம் வகுப்பின் வெள்ளிவிழாச் சந்திப்பை ஏற்பாடு செய்யும் நண்பர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

நீங்கள் அனுப்பிய அழைப்பு கிடைத்தது. டிசம்பரில் இரண்டு நாள், குற்றாலத்துப் பக்கம் ஒரு விடுதி, தலைக்கு 4,000 ரூபாய், எல்லாம் சேர்த்து. பாளையங்கோட்டையில் படித்து முடித்துப் பிரிந்து 25 வருடம் ஆகிறது என்று அதில் எழுதியிருந்ததைப் படித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. உடனே வருகிறேன் என்று பதில் போட்டேன். அப்புறம் உங்களில் ஒருவன் தனியாகக் கூப்பிட்டான். "முதல் நாள் ராத்திரி தண்ணி ஓடும்டா, உனக்குச் சங்கடமா இருக்கும். நீ மறுநாள் காலையில நேரா வந்துரு" என்றான். என் மீது உள்ள அக்கறையில்தான் சொன்னான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

முதல் நாள் இரவுதான் விருந்து. அன்றுதான் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசப்போகிறீர்கள். இறந்துபோன நம் இரண்டு நண்பர்களைப் பற்றிப் பேசுவீர்கள், தமிழ் வகுப்பில் நடந்ததை எல்லாம் நினைவுபடுத்திச் சிரிப்பீர்கள். மறுநாள் காலையில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது நான் வந்து யாரைப் பார்ப்பது? அதனால்தான் இதை எழுதுகிறேன். எல்லோர் பார்வைக்கும் வைப்பதற்குக் காரணம், இந்த மாதிரிக் குழு இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலும் என்னைப் போல இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். "வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பார்கள்.

போன சந்திப்பில் நான் செய்ததும் சரியில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசையில் பாட்டில் வந்ததும் "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கே எழுந்து போனேன். நம்மோடு உட்கார இவனுக்குப் பிடிக்கவில்லை, பெரிய மனுஷன் ஆகிவிட்டான் என்று சிலர் நினைத்ததாகப் பிறகு காதுக்கு வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டீர்கள். இப்போது சொல்கிறேன்.

முஸ்லிம் குடிக்கக் கூடாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்பால் ஒன்று இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. "அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் மது பரிமாறப்படும் விரிப்பில் உட்கார வேண்டாம்" என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு நபிமொழி இருக்கிறது. எனக்குக் குடிக்கத்தான் தடை என்றால், நான் ஒரு பழச்சாறை வைத்துக்கொண்டு உங்களோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். தடை, அந்த விரிப்பில் உட்காருவதற்கும் சேர்த்துத்தான். நான் எழுந்து போனது உங்கள் முகத்தைப் பார்த்து அல்ல, மேசையைப் பார்த்து. தூரத்தில் வேறு மேசையில் யாரோ குடித்தால் என்ன, அதே கூடத்தில் உட்காரலாமா என்பதில் ஆலிம்களுக்குள், அதாவது மார்க்க அறிஞர்களுக்குள், பேச்சு உண்டு. நான் எனக்குப் போட்டுக்கொண்ட கோடு இவ்வளவுதான்: நான் சாப்பிடும் மேசையில் அது இருக்கக் கூடாது.

இந்தத் தடை ஒரே நாளில் வந்ததும் அல்ல. அரபு நாட்டில் அன்று மது வீட்டுக்கு வீடு இருந்தது. முதலில் குர்ஆன் அதில் பெரும் பாவமும் மனிதர்களுக்குச் சில பயன்களும் இருக்கின்றன, பயனைவிடப் பாவம் பெரிது என்றது (2:219). அப்புறம் போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்காதீர்கள் என்றது (4:43). ஐந்து வேளை தொழுகிறவனுக்குக் குடிக்க நேரம் எங்கே மிச்சம் இருக்கும்? கடைசியாகத்தான் முழுவதுமாக விலகிவிடுங்கள் என்ற வசனம் வந்தது (5:90). அந்த அறிவிப்பு வந்தபோது அனஸ் என்ற இளைஞர் அபூதல்ஹாவின் வீட்டில் விருந்தினர்களுக்கு மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "போய்க் கொட்டிவிடு" என்றார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் மதரஸாவில் இதைக் கேட்டபோது எனக்கு அந்தத் தெரு கண்ணில் தெரியும். இன்றைக்கு வேறொன்று தெரிகிறது. அவர்களும் நம்மைப் போல நண்பர்களாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தவர்கள்தான். குடிக்கிறவர்களை எனக்குக் கீழே வைத்துப் பார்க்க அதில் எனக்கு இடமே இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அரபு நாடு வரை போக வேண்டியதும் இல்லை. உடன்குடியிலிருந்து வந்த நண்பனைக் கேளுங்கள், அவன் தாத்தா பனையேறியவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். மரமும் அதுதான், பாளையும் அதுதான். பதநீர் எனக்கு ஹலால். எங்கள் காயல்பட்டினத்தில் சித்திரை வெயிலுக்குப் பதநீர் குடிக்காதவர்கள் குறைவு. அதே சாறு புளித்துப் போதை ஏறினால் ஹராம். நபிகளார் காலத்திலும் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பார்கள். மூன்றாம் நாள் மாலைக்குமேல் அதை வைத்திருக்க மாட்டார்கள், புளித்துவிடும் என்று கொட்டிவிடுவார்கள். பொருளில் குற்றம் இல்லை, போதையில்தான் குற்றம். அதிகம் குடித்தால் போதை தருவது எதுவோ, அதில் கொஞ்சமும் கூடாது என்பது இன்னொரு நபிமொழி. "ஒரு மடக்குதானே, ஒண்ணும் ஆகாது" என்று நீங்கள் சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டே மறுப்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த ஒரு மடக்கைப் பற்றி ஒரு சம்பவம். யாரென்று சொல்ல மாட்டேன். நம்மில் ஒருவனின் கல்யாணத்துக்கு முந்தின இரவு, குளிர்பானத்தில் வோட்கா ஊற்றி என் கையில் கொடுத்தான் ஒருவன். விளையாட்டுக்குத்தான் செய்தான். இரண்டு மடக்கு உள்ளே போன பிறகுதான் சுற்றி இருந்தவர்கள் சிரிப்பதைப் பார்த்தேன். வெளியே போய் வாய் கொப்பளித்துவிட்டு இருட்டில் நின்று அழுதேன். தெரியாமல் நடந்ததற்கு என் மார்க்கத்தில் பாவம் கிடையாது, அது எனக்கு அப்போதே தெரியும். அழுதது அதற்காக அல்ல. விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டவன் கையிலிருந்து வாங்கும்போது மோந்து பார்க்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அதன் பிறகு பல வருடம் யார் கொடுத்தாலும் மோந்து பார்த்தேன். அவன் பின்னாளில் காயல்பட்டினத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்டான். என் உம்மா அவனுக்கு நெய்ச்சோறு ஆக்கிப் போட்டார். எங்களுக்குள் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் குழுவாக நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சந்திப்பில் அப்படி ஒரு விளையாட்டு யாரிடமும் நடக்கக் கூடாது. முஸ்லிமுக்காக மட்டும் சொல்லவில்லை. குடியை நிறுத்திப் பாடுபட்டு மீண்டு வந்த நண்பன் ஒருவனும் நம் வகுப்பில் இருக்கிறான். அவனுக்கு அது என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அடுத்தது காசு. தலைக்கு 4,000 என்பதில் பாட்டிலுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மது விஷயத்தில் பத்துப் பேர் சாபத்துக்கு உரியவர்கள் என்று ஒரு நபிமொழி எண்ணிச் சொல்கிறது. பிழிகிறவர், குடிக்கிறவர், சுமக்கிறவர், ஊற்றிக் கொடுக்கிறவர், விற்கிறவர், வாங்குகிறவர் என்று போகும் அந்தப் பட்டியல். ஆகவே வசூலை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். அறை, சாப்பாடு, வண்டி ஒரு கணக்கு. மது தனிக் கணக்கு, வேண்டியவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளட்டும். எனக்குக் காசு மிச்சமாக வேண்டும் என்று கேட்கவில்லை. அந்தப் பணத்தை இறந்துபோன நண்பனின் மகள் படிப்புக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் முழு 4,000 தருகிறேன். குடிக்காத இந்து நண்பர்களும் பெந்தெகொஸ்தே நண்பனும் இதையே நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"நீ குடிக்க மாட்ட, நீயே வண்டிய எடு" என்று எப்போதும் என்னிடம்தான் சாவி வரும். டாஸ்மாக்குக்கு வண்டி ஓட்டச் சொல்லாதீர்கள், அந்தச் சுமப்பவர் வரிசையில் நான் வந்துவிடுவேன். ஆனால் ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருவேன், ஒவ்வொருவராக அறைக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். குடித்துவிட்டு ஒருவன் மலைப்பாதையில் வண்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நான் தொழுகையில் நின்றால் அந்தத் தொழுகை எனக்கு இனிக்காது.

இனி இறைச்சி. இதில்தான் விடுதிக்காரர்கள் அதிகம் குழப்புவார்கள். "ஹலால்தான் சார்" என்று யாரும் சொல்லிவிடலாம். நம் நாட்டு உணவுப் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளியும் பழுப்புக் குறியும் சைவமா அசைவமா என்று மட்டும்தான் சொல்லும். ஹலால் சான்று தருவது தனியார் அமைப்புகள், அரசு அல்ல. நமக்குச் சான்றிதழ் எதற்கு? கோழி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் போதும். நம் பக்கத்தில் "பாய் கடையில் வாங்கினது" என்ற ஒரு வார்த்தை போதுமானது. அல்லாஹ்வின் பெயர் சொல்லி, கழுத்தில் அறுத்து, இரத்தம் வடியவிட்டது என்பது அதற்குள் அடங்கிவிடும். இரண்டாவது கேள்வி, பன்றி இறைச்சி அந்தச் சமையலறையில் உண்டா, அதே எண்ணெயில் அதே கரண்டியில் பொரிக்கிறார்களா என்பது. போன சந்திப்பில் "ஹலால்" என்று அட்டை வைத்திருந்த கோழியும் பன்றி சாசேஜும் ஒரே வாணலியில் வந்தவை என்று சமையல்காரரே என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பாவம், அவருக்கு அது தப்பு என்றுகூடத் தெரியவில்லை. மூன்றாவது, எந்தப் பதார்த்தத்திலாவது வைனோ ரம்மோ ஊற்றுகிறார்களா. நெருப்பில் போனால் ஆவியாகிவிடும் என்பார்கள். முழுக்கப் போகாது. பதினைந்து நிமிடம் கொதித்தாலும் ஏறக்குறைய 40 சதவீதம் உள்ளேயே நிற்கும் என்று அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை சொல்கிறது.

இதெல்லாம் பெரிய தொல்லை என்று தோன்றினால் எனக்கு வெறும் சோறும் பருப்பும் ரசமும் போதும். மெய்யாகவே போதும். சைவம் தனி அடுப்பில் ஆனால் அதுவே எனக்கு விருந்து. பாத்திரம் வேறு வேண்டும், தட்டு வேறு வேண்டும் என்று கேட்க மாட்டேன். நபிகளாரிடமே ஒரு தோழர் கேட்டார்: நாங்கள் வேதக்காரர்களுக்கு (யூதர், கிறிஸ்தவருக்கு) பக்கத்தில் வாழ்கிறோம், அவர்கள் தங்கள் சட்டியில் பன்றி சமைக்கிறார்கள், பாத்திரத்தில் மது குடிக்கிறார்கள், நாங்கள் அவற்றைப் பயன்படுத்தலாமா என்று. வேறு கிடைத்தால் அதில் சாப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் தண்ணீரில் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், குடியுங்கள் என்றார்கள். வேறு மதத்துக்காரர் பக்கத்தில் இருப்பார், அவரோடு கொடுக்கல் வாங்கல் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்தப் பதிலே வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நபிமொழிகளில் இது ஒன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வகுப்பில் நாங்கள் நான்கு முஸ்லிம்கள். நால்வரும் ஒரே மாதிரி இல்லை. நான் ஷாஃபி மத்ஹப், அதாவது அந்த மார்க்கச் சட்ட வழியைச் சேர்ந்தவன், கணவாய்ப் பொரியல் என்றால் விட மாட்டேன். கம்பத்து ராவுத்தர் வீட்டு நண்பன் ஹனஃபி, மீனைத் தவிரக் கடலில் வேறொன்றையும் தொட மாட்டான். அறுக்கும்போது வேண்டுமென்றே பிஸ்மி (அல்லாஹ்வின் பெயர்) சொல்லாமல் விட்டது அவனுக்கு ஆகாது, எங்கள் மத்ஹபில் அந்த இடத்தில் சற்று இளக்கம் உண்டு. ஆகவே என்னைக் கேட்டுவிட்டு அவனுக்கும் சேர்த்து முடிவு செய்யாதீர்கள். இன்னொரு நண்பன் குடிக்கிறான். அது அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் உள்ள கணக்கு, நான் அவனிடம் பேச வேண்டியதைத் தனியே பேசியிருக்கிறேன். "அவனும் பாய்தானே, அவனே குடிக்கிறான், உனக்கென்ன?" என்று நீங்கள் கேட்கும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வலிக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொள்வதை நீங்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், இதையெல்லாம் நம் அம்மாக்கள் யாரும் எழுதிக் கொடுக்காமலேயே செய்தார்கள். திருச்செந்தூர் நண்பன் வீட்டுப் பொங்கலுக்குப் போனால், அவன் அம்மா சாமிக்குப் படைக்கும் முன்பே ஒரு சின்னப் பானையில் எனக்கு எடுத்து வைத்திருப்பார். "படைக்குறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்யா, நீ சாப்பிடு" என்பார். படைத்ததை நான் சாப்பிட மாட்டேன் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்துகொண்டாரோ. கோழிக் குழம்பு என்றால் "பாய் கடையிலதான் வாங்குனேன்" என்று தட்டில் போடும் முன்பே சொல்லிவிடுவார். மணப்பாட்டு நண்பன் வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ரம்மில் பழம் ஊறும். அவன் அம்மா எனக்கென்று ஆரஞ்சுச் சாற்றில் கொஞ்சம் பழத்தை ஊறப்போட்டுத் தனியாக ஒரு கேக் சுடுவார். என் உம்மாவும் அப்படித்தான். நோன்புக் கஞ்சியில் எங்கள் வீட்டில் கறி விழும். விடுதியிலிருந்து சைவ நண்பன் வருகிறான் என்றால் அன்றைக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. அந்தச் சட்டியை ரமலான் முழுக்க வேறெதற்கும் எடுக்க விட மாட்டார்.

நண்பர்களுக்குள்ளும் இது இருந்தது. கார்த்திகையில் நம்மில் நான்கைந்து பேர் மாலை போடுவார்கள். 41 நாளும் அவர்கள் முன்னால் யாரும் கறி தின்ன மாட்டோம், பாட்டிலைப் பற்றிப் பேச்சே வராது. "சாமி" என்று கூப்பிட்டு முதலில் அவர்களுக்குப் பரிமாறுவோம். யாரும் அதைத் தொல்லை என்று சொன்னதில்லை, சங்கடமாக இருக்கும் என்று சொல்லி அவர்களை விட்டுவிட்டுப் போனதும் இல்லை. ஒரு வருடம் மாலையோடு உட்கார்ந்திருந்த ஒருவன் என்னைப் பார்த்து, "எனக்கு 41 நாள்டா, உனக்கு ஆயுசு முழுக்க மாலைதான்" என்றான். என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட வார்த்தையை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

ஆக, நான் கேட்பது இதுதான். முதல் நாள் மாலை ஆறரை மணிக்கு மஃரிப் தொழுதுவிட்டு வருகிறேன். ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை எல்லோரும் சேர்ந்து உட்காருவோம், அந்த நேரத்தில் மட்டும் மேசையில் மது வேண்டாம். பேச வேண்டியதைப் பேசுவோம், போனவர்களை நினைத்துக்கொள்வோம், வயிறாரச் சாப்பிடுவோம். அதற்குப் பிறகு குடிக்கிறவர்கள் மாடிக்கோ வேறு கூடத்துக்கோ போய்க்கொள்ளுங்கள். நான் முகம் சுளிக்க மாட்டேன், புத்தி சொல்ல மாட்டேன். நானும் குடிக்காத மற்றவர்களும் அருவிப் பக்கம் நடந்துவிட்டு வருவோம். உங்கள் சந்திப்பை எனக்காகக் காயப்போடச் சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் கேட்கிறேன். இதற்குமேல் உங்களுக்கு வேறு வழி தோன்றினால் அதையும் பேசலாம், ஆனால் என்னிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

சமையலுக்கு ஒரு யோசனை. விடுதிச் சாப்பாட்டை முதல் நாள் இரவுக்கு மட்டும் நிறுத்திவிட்டு, எங்கள் ஊரிலிருந்து ஒரு பண்டாரியை, அதாவது விருந்துச் சமையல்காரரை, கூட்டிக்கொண்டு வருகிறேன். நெய்ச்சோறும் களரிக்கறியும் கத்தரிக்காய் மாங்காயும் ஆக்குவார். சைவக்காரர்களுக்கு எங்கள் பாத்திரம் வேண்டாம், தென்காசியிலேயே ஒரு நல்ல சமையல்காரரைப் பார்த்துத் தனி அடுப்பு போட்டுவிடுவோம். அந்தச் செலவை நானும் கம்பத்து நண்பனும் பார்த்துக்கொள்கிறோம், பேசிவிட்டோம். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டில் சோற்றைப் போட்டு இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவோம், தெரியும்தானே. இரண்டாம் வருடம் என் ராத்தா (அக்கா) கல்யாணத்தில் நீங்கள் பாதிப் பேர் அப்படிச் சாப்பிட்டவர்கள். வீட்டுப் பரணில் பதினைந்து சஹன் இருக்கிறது. எத்தனை பேர் அப்படி உட்காரத் தயார் என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லிவிடுங்கள், கழுவிக் காயவைத்து வண்டியில் ஏற்ற வேண்டும்.

அன்புடன்,
உங்கள் காயல்பட்டினத்து நண்பன்